யந்திரத்திடம் சொல்லும் பொய்

யந்திரத்திடம் பொய் சொல்ல முடியுமா? கேள்வியே அசட்டுத்தனமாகப் படலாம். பொய் என்பது ஒரு மனம் இன்னொரு மனத்துக்குச் செய்யும் காரியம். எதிரே மனம் இல்லாத இடத்தில் பொய் ஏது என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு தொழிலில், அதைச் செய்கிறவர்களின் அன்றாடப் பேச்சிலேயே, இந்தச் சொல் கூச்சமில்லாமல் புழங்குகிறது. ஒரு காரின் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு கம்பெனி வேறு வருஷத்தில் வேறொரு வண்டிக்காகச் செய்த என்ஜினை அதில் இறக்குகிற அமெரிக்கப் பட்டறைக்காரர்கள், 'கம்ப்யூட்டரை ஏமாற்ற வேண்டும்', 'நம்பவைக்க வேண்டும்' என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். வெறும் உருவகம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு தொழில் தன்னைப் பற்றி அறிந்துவைத்திருப்பது அதன் உருவகங்களில்தான் முதலில் கசிகிறது.

காரியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1997ஆம் வருஷத்துக் கார்வெட்டில் 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் அலுமினிய என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்.எஸ்.1 என்று பெயர். அதே குடும்பத்தில், வார்ப்பிரும்பு பிளாக்குடன், 4.8, 5.3, 6.0 லிட்டர் என்ஜின்கள் 1999இலிருந்து அந்தக் கம்பெனியின் பிக்கப் வண்டிகளில் ஏராளமாகப் போயின. வண்டிகள் மோதி நசுங்கும், என்ஜின்கள் பிழைத்துக்கிடக்கும். காயலான் கடையிலிருந்து அப்படியொரு என்ஜினைத் தூக்கிவந்து ஜப்பானிய மாஸ்டாவிலும் நிஸ்ஸானிலும், ஸ்வீடனின் வால்வோவிலும், ஜெர்மன் பி.எம்.டபிள்யூ.விலும் பொருத்துவது அங்கே ஒரு தனிக் கலாச்சாரமாகவே வளர்ந்துவிட்டது.

இதில் இரும்பு வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒளிவு மறைவு இல்லாதது. துளைக்கு நேரே துளை வரவில்லையென்றால் வரவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தட்டுப்படுகிறது. வெட்டி, வெல்டிங் வைத்து, ஒரு வழி பண்ணிவிடலாம். வயரிங் அப்படியல்ல. அந்த என்ஜினின் கம்ப்யூட்டரில் இரண்டு கனெக்டர்கள், ஒவ்வொன்றிலும் 80 முனைகளுக்கு இடம். பழைய உடலின் வயரிங் கிட்டோ வேறு தேவைகளுக்காக, வேறு நிறங்களில், வேறு தர்க்கத்தில் கட்டப்பட்டது. எல்லா வயரும் அதனதன் இடத்தில் இருந்தும் வண்டி கிளம்பாமல் நிற்கும். எங்கோ ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. பதில் போய்ச் சேரவில்லை.

என்ஜின் மாற்றம் என்றதும் தத்துவம் படித்தவர்கள் தீசியஸின் கப்பலை இழுத்துவருவார்கள். பலகை பலகையாக மாற்றினால் அது அதே கப்பல்தானா என்ற பழைய புதிர். எனக்கு அது சலித்துப்போன விஷயம். இதைவிட நமக்கு நெருக்கமானது வேதாளம் சொன்ன தலைமாற்றக் கதை. தாமஸ் மன் 1940இல் அதைக் குறுநாவலாக்கினார். கிரீஷ் கர்னாடின் 'ஹயவதன'மும் அதிலிருந்து பிறந்ததுதான். தலைகள் இடம் மாறி ஒட்டப்பட்ட இருவரில் எவன் கணவன்? தலை யாருடையதோ அவனே என்று விக்கிரமாதித்தன் தீர்ப்புச் சொல்கிறான். அமெரிக்கச் சட்டம் இதற்கு நேரெதிராகத் தீர்ப்புச் சொல்கிறது: உடல் யாருடையதோ அவனே. சேஸிஸில் பொறித்திருக்கும், 1981இலிருந்து 17 இலக்கமாக வரும், அடையாள எண்தான் வண்டி. என்ஜின் எங்கிருந்து வந்தால் என்ன. ஆனால் தலை தன் பழைய ஞாபகத்தை விடுவதில்லை. எல்.எஸ். குடும்பத்துக் கம்ப்யூட்டரை 1972ஆம் வருஷத்து டாட்ஸனில் வைத்துவிட்டு, சோதனைக் கருவியை மாட்டி 'நீ யார்' என்று கேட்டால், நசுங்கிப் போன பிக்கப்பின் எண்ணையே அது ஒப்புவிக்கும், யாராவது உட்கார்ந்து அதை மாற்றி எழுதியிருந்தாலொழிய. மன்னிலும் கர்னாடிலும் உடல்கள் காலப்போக்கில் தாமாகவே தலைக்கு இணங்கிவிடுகின்றன. இங்கே எதுவும் தானாக இணங்காது. ஒவ்வொரு வயரும் ஒரு மனிதன் கைவைத்து எடுத்த முடிவு. அறப் பிரச்னை ஒன்று இதில் இருக்குமானால் அது அடையாளத்தில் இல்லை, இந்த முடிவுகளில்தான் இருக்கிறது.

இந்தக் கம்ப்யூட்டரின் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கண் இல்லை, தோல் இல்லை. உலகம் என்பது அதற்குச் சில வோல்ட்டேஜ்கள், சில துடிப்புகள். என்ஜினில் சுற்றும் தண்ணீரின் சூடு அதற்குச் சூடாகத் தெரிவதில்லை. ஒரு சென்ஸாரின் மின்தடையாகத் தெரிகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் சென்ஸாரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 3,520 ஓம்ஸ், 100 டிகிரியில் 177 ஓம்ஸ். சூடு ஏற ஏறத் தடை இறங்கும். இந்த 177 என்ற எண் கொதிக்கும் தண்ணீரிலிருந்து வந்தாலும் சரி, கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கிய ஒரு ரெஸிஸ்டரிலிருந்து வந்தாலும் சரி, கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். அதன் முழு விசுவாசமும் நாம் நீட்டும் இரண்டு வயர்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நிராதரவாக நம்மை நம்பும் ஒன்றிடம் எதையும் சொல்லலாம் என்ற அதிகாரம்தான் என்னை இந்த விஷயத்தில் நிறுத்திவைத்தது.

பொருந்தாததைப் பொருத்தும் வழிகளில் மிக நேர்த்தியானது மொழிபெயர்ப்பு. எல்.எஸ். என்ஜின்களின் முதல் தலைமுறையில் கிராங்க் ஷாஃப்ட்டில் இருக்கும் பல் சக்கரம் ஒரு சுற்றுக்கு 24 துடிப்புகள் தரும். பின்னால் வந்த தலைமுறையில் 58. அதாவது 60 பற்களுக்கு இடம் வகுத்து, இரண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பல் அளவு வெறுமை வரும்போதுதான் சுற்று எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்கிறது. இல்லாததைக் கொண்டு இருப்பதை அறிவது. கவிதை எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய என்ஜினைப் பழைய கம்ப்யூட்டரோடு சேர்த்தால் ஒன்று 58இல் பேசும், மற்றது 24இல் கேட்கும். நடுவே வைக்க ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது: 58ஐ வாங்கி 24ஆகக் கொடுக்கும். அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போகும் துடிப்புகள் எதுவும் அசலில் இல்லாதவை. எந்தப் பல்லும் அவற்றை உண்டாக்கவில்லை. அதனால் பொய்யா? இல்லை. ஷாஃப்ட் வேகம் பிடித்தால் அவையும் வேகம் பிடிக்கும். ஷாஃப்ட் நின்றால் அவையும் நிற்கும்.

ஆர்பிஎம் மீட்டர் விவகாரம் இன்னும் வேடிக்கையானது. இந்த எட்டு சிலிண்டர் என்ஜினின் கம்ப்யூட்டர் மீட்டருக்கு அனுப்புவது நாலு சிலிண்டர் கணக்கில், சுற்றுக்கு இரண்டு துடிப்பு. எட்டு சிலிண்டர் காரின் பழைய மீட்டரோ சுற்றுக்கு நாலு துடிப்பை எதிர்பார்க்கும். ஆக, எட்டு சிலிண்டர் என்ஜினை எட்டு சிலிண்டர் காரில் வைத்தால் முள் பாதிதான் காட்டும். 3000 என்பது 1500 ஆகும். நாலு சிலிண்டர் காரில் வைத்தால் கணக்கு ஒத்துப்போகும். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இருந்தும் முதல் வண்டியின் முள் உண்மையற்றதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் துடிப்பை இரட்டிப்பாக்கும் வேலையை, அதாவது அசல் சமிக்ஞையில் கைவைத்து அதை மாற்றுவதை, உண்மையை மீட்பது என்றுதான் சொல்ல வேண்டும். அசலுக்கு மாறாமல் இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை மொழிபெயர்ப்பு பற்றிய நம் சர்ச்சைகளில் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. ஒரு ஆர்பிஎம் மீட்டர் அதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறது.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது ரெஸிஸ்டர். சென்ஸாரைப் பொருத்த இடமில்லை, அல்லது அது சொல்வது பிடிக்கவில்லை. அதன் இடத்தில் மாறாத மதிப்புள்ள ஒரு தடையைச் சொருகிவிடுவது. அதன்பின் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே பருவம். குதிரைத்திறனைக் கூட்டும் 'சிப்' என்ற பெயரில் அங்கே விற்கப்பட்ட சாமான்களில் சிலவற்றைப் பிரித்தால் உள்ளே இருந்தது ஒரே ஒரு ரெஸிஸ்டர்தான். உள்ளே வரும் காற்று குளிர்ந்திருப்பதாகக் காட்டி, கூடுதல் பெட்ரோலை ஊற்ற வைக்கும். வெளியே கோடை கொளுத்தினாலும் அதன் உலகில் மார்கழிதான். (நம் பத்திரிகைகளின் மதிப்புரைப் பகுதியில் இந்த ரகம் உண்டு. முன்னால் எந்தத் தொகுதியை வைத்தாலும் ஒரே ஓம்ஸ்.)

இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட எனக்குக் கிடைத்த முதல் அளவுகோல் இதுதான்: சமிக்ஞைக்குப் பின்னால் மாறக்கூடிய ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மொழிபெயர்ப்பு, இல்லாவிட்டால் பொய். பல இடங்களில் இது போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸாரை எடுத்துக்கொள்வோம். போஷ் கம்பெனி செய்து 1976இல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில், எடைக்கு எடை 1க்கு 14.7 என்ற கணக்கில், எரிகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. முன்னால் இருக்கும் சென்ஸார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஊசலாடும்; கம்ப்யூட்டர் ஓயாமல் திருத்தும். 1996இலிருந்து அமெரிக்கக் கார்களில் இரண்டாவதாக ஒரு சென்ஸார் கட்டாயமாகவே வந்துவிட்டது. புகையின் நச்சை முறிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் அது இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின்சென்ஸார் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டர் செத்துவிட்டால் முன்சென்ஸாரைப் போலவே ஊசலாட ஆரம்பிக்கும். கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் அங்கே ஒரு போலிச் சர்க்யூட்டை வைக்கிறார்கள். அது அந்த அமைதியை நடித்துக் காட்டும். உண்மையும் அசையவில்லை, பொய்யும் அசையவில்லை. கோட்டு வரைபடத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போகலாம். வித்தியாசம் இதுதான்: உண்மையான அமைதி குலைந்திருக்கக்கூடும். நிலைமை வேறாக இருந்திருந்தால் அது வேறாகப் பேசியிருக்கும். இப்போது என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு வாக்கை உண்மை என்று சொல்லிவிட முடியாது. வேறு சூழ்நிலையில் என்ன சொல்லியிருக்கும் என்பதும் அதில் அடக்கம்.

சரி, போலியை அடையாளம் காட்டியாயிற்று. போலி குற்றமாவது எப்போது?

புனித அகஸ்டின் 395 வாக்கில் பொய்யைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். தவறானதை உண்மை என்று நம்பிச் சொல்கிறவன் பொய்யன் அல்ல. நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு ஏமாற்றும் எண்ணத்தோடு வேறொன்றைச் சொல்கிறவனே பொய்யன் என்பது அவர் வகுத்தது. இந்த அளவில் ரெஸிஸ்டர் பொய் சொல்லவில்லை, அதைச் சொருகியவன் சொல்கிறான். யாரிடம்? காண்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரையில், நண்பனைத் தேடி வாசலில் வந்து நிற்கும் கொலைகாரனிடம்கூடப் பொய் கூடாது என்று வாதிட்டார். மனிதத்தன்மை இல்லாத தர்க்கம் என்று பலரும் அதைத் தூக்கியெறிந்துவிட்டார்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கலாம் என்ற வள்ளுவர் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் காண்ட்டின் வாதத்தில் ஒரு நுனியை விட்டுவிட முடியவில்லை. பொய் எதிரே நிற்பவனுக்கு இழைக்கப்படுவது அல்ல, பொதுவாக மனிதகுலத்துக்கே இழைக்கப்படுவது என்கிறார். எதிரே நிற்கும் காது வேறு, பொய் போய்ச் சேரும் இடம் வேறு. யந்திரத்திடம் பொய் சொல்ல முடியுமா என்ற அசட்டுக் கேள்விக்கு இதில் வழி இருக்கிறது. யந்திரம் கேட்கிறது, யாருக்காகக் கேட்கிறது?

ஒரு கேள்வியைப் பாருங்கள். 1986ஆம் வருஷத்துக் கார்வெட்டிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் திருட்டுக்கு எதிராக ஒரு ஏற்பாட்டை வைத்தது. சாவியின் தண்டில் பதித்த ஒரு சின்ன ரெஸிஸ்டர். 15 மதிப்புகளில் ஏதோ ஒன்று. வண்டியில் இருக்கும் ஒரு பெட்டி அதை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் என்ஜின் கம்ப்யூட்டருக்கு ஒரு துடிப்பை அனுப்பும். மாடலைப் பொறுத்து நொடிக்கு 30 அல்லது 50. அது வராவிட்டால் பெட்ரோல் பாயாது. என்ஜினைப் பெயர்த்துவந்தவனிடம் அந்தச் சாவியும் இல்லை, பெட்டியும் இல்லை. அவன் என்ன செய்கிறான்? ஒன்று, 50 துடிப்பை இடைவிடாமல் உண்டாக்கும் ஒரு போலியை வைக்கிறான்: 'உரிமையாளர் வந்திருக்கிறார், உரிமையாளர் வந்திருக்கிறார்' என்று இரவும் பகலும் ஜபிக்கும் ஒரு சர்க்யூட். அல்லது, கம்ப்யூட்டரின் நிரலைத் திறந்து அந்தக் கேள்வியையே நீக்கிவிடுகிறான். பின்னால் வந்த கார்களில் சாவிக்குள்ளேயே ஒரு சிப் வந்துவிட்டது. அதற்கு இன்னும் விசித்திரமான ஒரு தீர்வு உண்டு. சாவியின் தலையை உடைத்துச் சிப்பை எடுத்து, அதை விசாரிக்கும் வளையத்தின் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒட்டிவைத்துவிடுவது. காவலுக்கு வைத்தவனின் கையிலேயே சாவியைக் கட்டிவிட்ட மாதிரி.

இவற்றில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. 'உன் முதலாளி இவன்தானா' என்ற கேள்வி முதலாளிக்காகக் கேட்கப்படுவது. என்ஜினை நாணயமாக விலைக்கு வாங்கியவனே இப்போது முதலாளி. தனக்காகக் கேட்கப்படும் கேள்வியை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டு. போலிப் பதிலைவிடக் கேள்வியை எடுத்துவிடுவது அழகானது என்பது என் ரசனை சார்ந்த விஷயம், அறம் சார்ந்ததல்ல.

கன்வெர்ட்டரைப் பற்றிய கேள்வி அப்படியல்ல. அது வண்டிக்காரனுக்காகக் கேட்கப்படவில்லை. அவனுக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவனுக்காக, தெருவோரத்தில் குடியிருப்பவளுக்காக, மூச்சுவிடுகிற எவருக்காகவோ கேட்கப்படுகிறது. அவர்களால் ஒவ்வொரு புகைக்குழாயின் முன்னாலும் வந்து நின்று கேட்க முடியாது. அதனால் கேள்வியை ஒரு சென்ஸாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே வைக்கும் போலி கம்ப்யூட்டரை ஏமாற்றவில்லை. கம்ப்யூட்டர் வெறும் வாசல். இங்கே போலிப் பதிலும் தப்பு, கேள்வியை நீக்குவதும் தப்பு. நிரலைத் திறந்து 'கேட்காதே' என்று எழுதிவிட்டால் பொய் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்வது வக்கீல் சாமர்த்தியம். கலிஃபோர்னியா மாநிலத்தின் விதி இதைப் புரிந்துவைத்திருக்கிறது. மாற்றிப் பொருத்தும் என்ஜின் அந்த உடலின் வருஷத்தையொட்டியோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த என்ஜினோடு வந்த புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். ஒரு நடுவர் பார்த்துச் சான்று தர வேண்டும். இதயத்தைக் கொண்டுவருகிறவன் அதன் மனசாட்சியையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும் என்கிற மாதிரி. அதே மாநிலத்தில் 1975ஆம் வருஷத்துக்கும் அதற்கு முற்பட்ட பெட்ரோல் கார்களுக்கும் புகைப் பரிசோதனை கிடையாது. நாம் மேலே பார்த்த 1972 டாட்ஸன் தப்பித்துவிடுகிறது. சட்டம் கேட்காத இடத்தில் கேள்வி இல்லாமல் போய்விடுமா? தெருவில் மூச்சுவிடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் பழைய கார்புரேட்டரோடு புகைகக்கிக் கிடந்த உடல் அது. அளந்து பெட்ரோல் ஊற்றும் புது என்ஜின் வந்ததே அவர்களுக்கு லாபம் என்று அந்த டாட்ஸன்காரன் பதில் சொன்னால் அது வெறும் சப்பைக்கட்டு இல்லை. இந்த இடத்தில் என் அளவுகோல் சற்று வளைகிறது. வளையட்டும்.

வளையாத இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்கை மாற்றும்போது ஏர்பேக் போய்விடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த வயர்களின் நடுவே சுமார் 2 ஓம்ஸ் ரெஸிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பை இருக்கிறது, திரி சரியாக இருக்கிறது. பையில்லாத வண்டி என்று தெரிந்தே ஓட்டுகிற உரிமையாளன் தன் உயிரைப் பற்றி என்ன முடிவெடுத்தாலும் அது அவன் பாடு. ஆனால் வண்டி கைமாறும். விபத்தில் அடிபட்டு ஒட்டுப்போட்ட கார்களை விற்கிறவர்களும் இதே 2 ஓம்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். அணைந்த விளக்கைப் பார்த்து நம்பி உட்காரப்போகிற ஒருவர், பெயர் தெரியாதவர், இன்னும் அந்த வண்டியைப் பார்த்தேயிராதவர், அவருக்குச் சொல்லப்பட்ட பொய் அது. சொல்லி முடித்தபின் பல வருஷம் கழித்துத்தான் கேட்பவர் வந்து சேர்வார்.

தனி மனிதர்களின் பட்டறைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பெரிய உண்மை விடுபட்டுப்போகும். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் மேல் குற்றச்சாட்டை வெளியிட்டது. டீசல் கார்களின் நிரல், ஸ்டீயரிங் அசைவு, வேகம், என்ஜின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு, தான் சோதனைச்சாலையில் இருக்கிறோமா சாலையில் இருக்கிறோமா என்று கண்டுகொள்ளும். சோதனைச்சாலையில் ஒழுங்காக நடந்துகொள்ளும். சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடை வரம்புக்கு 40 மடங்கு வரை கக்கும். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த நிரல் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. கவனித்துப் பாருங்கள்: ஒரு சென்ஸாரும் போலி இல்லை. ஒரு ரெஸிஸ்டரும் சொருகப்படவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு சமிக்ஞையும் உண்மை. பின்னால் மாறக்கூடியது இருக்கிறதா என்ற என் முதல் அளவுகோலின்படி இது அப்பழுக்கற்றது, ஏனென்றால் அந்த நிரல் நிலைமைக்கேற்ப மாறத்தான் செய்தது. கேட்பவர் யாரென்று பார்த்து மாறியது. அந்த அளவுகோலோடு நான் நின்றுவிட முடியாமல் போனதற்கு இந்த வழக்கு ஒரு காரணம்.

இந்த விவகாரத்தின் கசப்பான கிளைக்கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் 1998ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காரில் இருக்கும் நிரலின் பூட்டை உடைத்துப் பார்ப்பதே குற்றமாகக் கருதப்படலாம் என்ற நிலை இருந்தது. பழுதுபார்ப்பவர்களுக்கும் ஆராய்பவர்களுக்கும் விலக்குத் தர வேண்டும் என்று விண்ணப்பம் போனது. அதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2015 ஜூலையில் அந்த விலக்கை எதிர்த்து எழுதியது. நிரலைத் திறக்க விட்டால் வண்டிக்காரர்கள் புகைக்கட்டுப்பாட்டைச் சீர்குலைப்பார்கள் என்று. பூட்டிய பெட்டிக்குள் அதைச் சீர்குலைத்து வைத்திருந்தவன் அதைச் செய்த கம்பெனியே என்பது இரண்டே மாதத்தில் வெளியாயிற்று. அக்டோபரில் விலக்கு அளிக்கப்பட்டது. பட்டறைக்காரனின் 2 ஓம்ஸ் பொய்யைக் கண்டிக்கிற எவரும் இந்த இரண்டு மாதங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிகள் தம் லாபத்துக்காகவே கேட்கும் கேள்விகளும் உண்டு: இந்த உதிரிப் பாகம் என்னிடம் வாங்கியதுதானா, என் ஆள்தான் பொருத்தினானா என்று விசாரித்து, இல்லையென்றால் முரண்டுபிடிக்கும் பெட்டிகள். அந்தக் கேள்விகளுக்கு உண்மை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை நாம். வாசலில் வந்து நிற்கும் எவனும் பதில் பெறும் உரிமையோடு வருவதில்லை என்பதில் காண்ட்டோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஏமாற்றும் வேண்டாம், மொழிபெயர்ப்பும் வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறொரு பாதை இருக்கிறது. தலையையே எறிந்துவிட்டுப் புதிய தலை வைப்பது. புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2001இல் மெகாஸ்குவர்ட் என்றொரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். நாமே பற்றவைத்துக் கட்டிக்கொள்வது. அதற்குச் சாவி பற்றிக் கவலையில்லை, பழைய உடலின் ஞாபகம் இல்லை, கன்வெர்ட்டர் பற்றிய கேள்வியும் இல்லை. ஆரம்பகால நிரலில் எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள். இந்த வேகத்தில் இந்தப் பளுவில் இவ்வளவு பெட்ரோல் என்று ஒவ்வொன்றையும் நாமே நிரப்ப வேண்டும். சுதந்திரம்தான். ஆனால் கம்பெனிக்காரன் கேள்விகளோடு சேர்ந்து, அந்தக் கேள்விகளின் வழியே வந்த மற்றவர்களும் வெளியே போய்விட்டார்கள். அவர்களை நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது 64 கட்டங்களை நிரப்புகிறவன் தலையில். பலர் நிரப்பும்போது நினைப்பது குதிரைத்திறனை மட்டும்.

ஓரிடத்தில் மட்டும், எவ்வளவு துணிச்சல்காரனும் கை நடுங்கிப் பின்வாங்குவதைக் காண்கிறேன். ஆக்ஸிலேட்டர் பெடலுக்கும் என்ஜினுக்கும் இடையில் கேபிள் இல்லாமல் வயர் மட்டும் போகும் வண்டிகளில், பெடலில் ஒரு சென்ஸார் இல்லை. இரண்டு, சிலவற்றில் மூன்று. வெவ்வேறு வோல்ட்டேஜில் ஒரே செய்தியைச் சொல்லும். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல் என்ஜினின் பலத்தைக் குறைத்துவிடும். நம்மிடம் நிராதரவாக இருந்த யந்திரம் இந்த ஒரு விஷயத்தில் சாட்சியைச் சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றிருக்கிறது. மற்ற சமிக்ஞைகளைப் போலி பண்ணுகிறவர்கள்கூட இங்கே பெடலையும் அதன் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்தே எடுத்துவாருங்கள் என்கிறார்கள். இந்தக் கேள்வி யாருக்காகக் கேட்கப்படுகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. அவர்களே உட்காரப்போகும் ஸீட் அது.

புதிய கார்களில் நிலைமை இன்னும் சிக்கலாகிக்கொண்டிருக்கிறது. போஷ் 1986இல் வெளியிட்ட 'கேன்' என்ற ஏற்பாட்டில், பெட்டிகளெல்லாம் இரண்டே வயர்களில் தொங்கிக்கொண்டு பேசுகின்றன. அதில் போகும் செய்திக்கு எண் உண்டு, அனுப்பியவர் முகவரி கிடையாது. பிரேக் பெட்டி பேச வேண்டியதை வேறு எதுவும் பேசலாம், கேட்பவை நம்பிக்கொள்ளும். பேச்சு நின்றால்தான் சந்தேகம் வரும். ஆகவே பட்டறைக்காரர்கள், இல்லாத பிரேக் பெட்டியின் குரலில் விடாமல் பேசிக்கொண்டேயிருக்கும் சின்ன கம்ப்யூட்டர்களை எழுதிவைக்கிறார்கள். சக்கரம் உண்மையில் சுற்றும் வேகத்தை அளந்து அந்தக் குரலில் சொல்பவை உண்டு. 'எல்லாம் சரி' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பா.

சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். எந்த வயரை எங்கே வெட்டினேன், எதை எதோடு சேர்த்தேன், எந்த முனையில் என்ன ரெஸிஸ்டர் இருக்கிறது, எந்தக் கேள்வியை நிரலிலிருந்து எடுத்தேன் என்று நிறம், முனை எண் வாரியாக எழுதி, படம் போட்டு, மடித்து, டாஷ்போர்டு அறையில் வைத்துவிடுகிறார்கள். வயரிங்கில் அடுத்துக் கைவைக்கப்போகிறவனுக்கு என்றுதான் சொல்கிறார்கள். எட்டாம் முனையில் போலி இருக்கிறது என்று எழுதிவைத்த போலி, எழுதாமல் விட்ட போலியின் ஜாதியைச் சேர்ந்ததுதானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காகிதம் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்து, மடிப்பில் எழுத்து அழிந்து, இரண்டு உரிமையாளர் கைமாறுவதற்குள் காணாமல் போய்விடுகிறது.